காவேரியின் முதல் சாட்சி

சட்டக் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும்போதே காவேரி இலவச சட்ட உதவி மையத்தில் தன்னார்வலராகச் சேர்ந்துவிட்டாள். கம்பைநல்லூரில் தையல் கடை வைத்திருந்த அவளுடைய அக்கா சுகுணா எட்டாவதோடு படிப்பை விட்டவள். தங்கையின் கறுப்புக் கோட்டை வேறு யாரும் தொடக் கூடாதென்று தானே வெட்டித் தைத்தாள்.

அந்த ஏப்ரலில், ஊருக்கு வெளியே செங்கல் சூளையில் வேலை செய்த ஒடிசாப் பெண் ஒருத்தி பிரசவத்துக்குத் தாய்வீடு போக நினைத்தாள். ஏழாம் மாதம். கூட வந்தவர்களுடையதைப் போலவே அவளுடைய ஆதார் அட்டையும் முதலாளியிடம் இருந்தது. சீசன் முடியாமல் தர மறுத்தார். காவேரி தொழிலாளர் துறைக்கு மனு எழுதிக் கொடுத்தாள். விசாரணைக்கு வந்த முதலாளியோ, இந்த ஒடிசாக்காரர்கள் வந்தே பத்து நாள்தான் ஆகிறது, அட்டை எதையும் நான் வாங்கவில்லை என்று அடித்துச் சொன்னார். சூளைப் பதிவேட்டிலும் அவர்கள் பெயர் இல்லை. வியாழக்கிழமைக்குள் ஆதாரம் வேண்டும் என்றார் அதிகாரி.

கடைக்கு வந்து காவேரி இதைச் சொன்னபோது சுகுணா கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். ஊசியைத் துணியில் குத்திவிட்டு எழுந்து, அளவு நோட்டை எடுத்துப் பிரித்தாள்.

டிசம்பர் இருபத்தெட்டு. பொங்கலுக்காகச் சூளைப் பெண்களுக்குப் பதினோரு ஜாக்கெட். பெயர், மார்பளவு, கை நீளம். மூன்றாம் மாதமென்று விரலால் காட்டிய அந்தப் பெண்ணின் பெயருக்கு நேரே, உள்தையலில் இரண்டு அங்குலம் விடவேண்டும் என்ற குறிப்பு. கீழே, துணியை வாங்கிப்போன முதலாளி மனைவியின் கையெழுத்து. யார் வந்தாலும் சுகுணா கையெழுத்து வாங்காமல் விடமாட்டாள். ஊரே அதற்குக் கேலி செய்யும்.

"அக்கா, யோசிச்சுக்க. அந்தம்மா வூட்டுத் துணி பூராவும் உங்கிட்டதான் வருது."

"வராட்டிப் போவுது. நோட்டை மட்டும் பத்திரமா கொண்டாந்து குடு. பக்கத்து வூட்டுக் கனிமொழி பாவாடை அளவு அதுலதான் இருக்குது."

வியாழக்கிழமை அதிகாரி நோட்டை நீட்டியதும் முதலாளி வாங்கிப் பார்த்தார். கையெழுத்து தன் மனைவியுடையதுதான் என்று ஒப்புக்கொண்டார். பத்து நாள் கணக்கு பொய்யானதும் அட்டைக் கதையும் நிற்கவில்லை. சாயங்காலமே எல்லா அட்டைகளும் வந்தன. அந்தப் பெண் ஞாயிற்றுக்கிழமை ரயிலேறினாள்.

காவேரி இப்போது தர்மபுரியில் வழக்கறிஞர். வெளிமாநிலத் தொழிலாளர் வழக்குகளையே பெரும்பாலும் எடுக்கிறாள். வருகிறவர்களிடம் அவள் முதலில் கேட்பது, எங்கே துணி தைத்தீர்கள், எந்த ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள் என்பதைத்தான்.

அந்த விசாரணைக்குப் பிறகு முதலாளி மனைவி ஆறு மாதம் சுகுணாவின் கடைப்பக்கமே வரவில்லை. தீபாவளிக்கு வந்தாள். தைத்ததை வாங்கும்போது நோட்டைப் பார்த்துத் தயங்கி, பிறகு கையெழுத்துப் போட்டாள்.

"தேதியும் போட்டுருங்க" என்றாள் சுகுணா.