ஆவணி என்று அச்சடிக்கச் சொன்னேன்

1972 பிப்ரவரி 29, செவ்வாய்க்கிழமை. என் நோட்டுப் புத்தகத்தில் அன்றைக்கு ஒரே வரிதான் இருக்கிறது: ‘லீப் என்றால் தாவுதல். தாவுவது எது?’ அப்போது நான் கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு மிளகு ஏற்றுமதிக் கம்பெனியில் டைப்பிஸ்ட். சாப்பாட்டு இடைவேளையில் நூலகத்துக்குப் போய் அகராதியைப் புரட்டினேன். ஒரு தேதி வருஷத்துக்கு ஒரு கிழமை நகரும். பிப்ரவரியில் ஒரு நாள் கூடிவிட்டால், பிறகு வரும் தேதிகள் ஒரு கிழமையைத் தாண்டி அடுத்ததில் போய் விழும். தாவுவது தேதி. மலையாளத்தில் அதற்கு அதிவர்ஷம் என்று பெயர். அதிகமான வருஷம், அவ்வளவுதான்.

மறு வருஷம், யூதர் தெருவில் பின்னல் துணி விற்ற அம்மாள் இன்னொன்று சொன்னார். அவர்கள் கணக்கில் அந்த வருஷம் ஒரு மாதம் கூடுதலாம். அப்படிப்பட்ட வருஷத்தைக் கர்ப்ப வருஷம் என்பார்களாம். அதையும் எழுதிக்கொண்டேன்.

நம்முடைய சொல் 1974இல் என் வீட்டுக்குள்ளேயே வந்தது.

அப்பா இறந்தபின் பெரியப்பா வீட்டில்தான் இருந்தேன். கொச்சிக்குக் குடிவந்த தமிழ்க் குடும்பம் என்பதால் எங்கள் வீட்டில் மாதங்களுக்கு இரண்டு பெயர். வாடகைக்கும் கடைக்கும் மலையாள மாதம். கல்யாணத்துக்கும் திதிக்கும் தமிழ் மாதம். எனக்குப் பேசி முடித்த மாப்பிள்ளை பஹ்ரைனில் வேலை பார்த்தார். எப்போது லீவு எடுக்கலாம் என்று கேட்டு எழுதியிருந்தார். பெரியப்பா கடையில் உட்கார்ந்து, அரிசி மண்டிக்காரர் கொடுத்த காலண்டரைப் பார்த்து, ‘சிங்கத்தில்’ என்று மலையாள மாதத்தைச் சொல்லிப் பதில் போட்டார். கொச்சியில் சிங்கம் பிறந்தால் தெருவுக்கு இரண்டு கல்யாணம். அவரும் ஊர் வழக்கத்திலேயே எழுதிவிட்டார். சிங்கம்தான் நம் ஆவணி என்பதும், ஆவணிக்குப் பஞ்சாங்கம் பார்க்க வேண்டும் என்பதும், லீவு கிடைத்துவிட்டது என்று மாப்பிள்ளையின் கடிதம் வந்த பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது.

பஞ்சாங்கத்தில் அந்த ஆவணிக்கு இரண்டு அமாவாசை. மலமாசம்.

சந்திரன் கணக்கும் சூரியன் கணக்கும் ஒத்துப்போக, மிஞ்சியதை எங்காவது சேர்த்தாக வேண்டும். சேர்த்த மாதத்தை அதிகம் என்றும் சொன்னார்கள், மலம் என்றும் சொன்னார்கள். மலம் என்றால் அழுக்கு. மிஞ்சியதை அழுக்கு என்பது எனக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை. இருபத்தாறு வயதில், கல்யாணமாகாமல், பெரியப்பா வீட்டில் மிஞ்சியிருந்தவள் நான்.

அடுத்த லீவுக்கு வரச்சொல்லி எழுதப்போவதாகப் பெரியப்பா சொன்னார். அடுத்த லீவு இரண்டு வருஷம் கழித்து. அதுவரை அந்த வீட்டார் காத்திருப்பார்கள் என்று யாரும் எனக்கு உறுதி தரவில்லை.

“எழுத வேண்டாம் பெரியப்பா. அவர் வரட்டும்,” என்றேன்.

“மலமாசத்துல பண்ணினா குடும்பம் தழைக்காதுன்னு சொல்லுவாங்க மோளே.”

“எதிர்வீட்டுச் சேச்சிக்கும் அதே மாசந்தான் கல்யாணம். நமக்கு மட்டும் தனியா ஒரு சந்திரனா?”

“அவங்களுக்கு அவங்க வழக்கம். நமக்கு நம்ம வழக்கம்.”

“நம்ம வழக்கம்னா ஆவணின்னு எழுதியிருக்கணும். சிங்கம்னு எழுதினது நீங்கதானே?”

அவர் சாயாவைக் குடித்து முடித்துவிட்டுக் கடைக்குப் போனார். மூன்று நாள் கழித்துச் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. பத்திரிகையில் சிங்கம் என்று மட்டும் போட வேண்டும். திருநெல்வேலிச் சொந்தக்காரர்களுக்கு மலையாள மாதம் பிடிபடாது. பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்க்க மாட்டார்கள்.

வேண்டியது கிடைத்துவிட்டது, பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் நான் ஒளிந்துகொண்டு கல்யாணம் செய்யப் போகவில்லை. கம்பெனி விட்டதும் அச்சகத்துக்குப் போய், சிங்கத்துக்கு மேலே ஆவணி என்று கொட்டை எழுத்தில் கோக்கச் சொன்னேன். அச்சுக்கோப்பவர் மலையாளி. தமிழில் ‘வ’ எது, ‘ண’ எது என்று கேட்டுக் கேட்டுக் கோத்தார். பத்திரிகைக் கட்டைப் பிரித்த பெரியப்பா மேல்வரியிலேயே வெகுநேரம் நின்றார். பிறகு பேனாவை எடுத்து, உறைகளில் விலாசம் எழுத ஆரம்பித்தார்.

திருநெல்வேலியிலிருந்து ஐந்து குடும்பம் வரவேண்டும். வந்தது இரண்டு. வந்தவர்கள், வராதவர்கள் இரண்டு பட்டியலும் நோட்டில் இருக்கிறது. வராதவர்களில் ஒருவர், பெரியப்பாவின் மைத்துனர், கார்டு போட்டிருந்தார். பஞ்சாங்கம் பார்க்கவில்லையா என்று ஒரே கேள்வி.

பெரியப்பா அதை என்னிடம் நீட்டி, “நீயே பதில் எழுது,” என்றார்.

‘பார்த்தோம்’ என்று எழுதினேன். அவர் வாங்கிப் படித்து, கீழே தன் கையெழுத்தையும் போட்டு, தபால் பெட்டிக்கு எடுத்துப் போனார்.