மேல்பீலியில் ஐவியின் முறை

ஐவியக்காவைத் தங்கமான மனுஷி என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தங்கம் தங்கம் என்று சொல்லியே தோட்டம் முழுவதும் அவள் தலையில் ஏறி உட்கார்ந்தது. எனக்குத் தெரிந்த ஐவியக்கா களைத்துப்போன ஒரு பெண். கிழமை நாட்களில் எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஆயா வேலை. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விட்டுவிட்டுப் போகிற கைக்குழந்தைகளைச் சாயங்காலம் வரை தொட்டில் தொட்டிலாக ஆட்டிக்கொண்டிருப்பாள். வீட்டுக்கு வந்தால் புருஷன் அலோசியஸ் இருப்பார்.

அலோசியஸ் அண்ணன் தேயிலை மலையில் மழைத்தண்ணீர் வடியக் கான் வெட்டுகிற ஆள். எழுபத்துநாலாம் ஆண்டுப் பஞ்சம் ஓய்ந்த சமயம், முழங்கால் ஆழத்துக்கு வெட்ட வேண்டிய கானைக் கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டே போனார். ஏனென்று கேட்ட கங்காணியிடம், மண்ணுக்குள் ஆட்கள் கூப்பிடுகிறார்கள், தூக்கிவிட வேண்டும் என்றார். மலையில் நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். ஐவியக்கா ஓடிவந்து கானுக்குள் இறங்கி, "சாப்புட்டுட்டு வந்து வெட்டுவோம், வாங்க" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். அதன் பிறகு உடுக்கடித்தார்கள், தாயத்துக் கட்டினார்கள், கோயில் தீர்த்தம் தெளித்தார்கள். ஒன்றும் கேட்காமல் கடைசியில்தான் தோட்டத்து மருந்துக்காரர் டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

அங்கே மருந்து வாங்குகிற பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் ராக்காயி. எங்கள் தோட்டத்தின் மேல் பிரிவான மேல்கணக்குக்காரி. ஐவியைவிட மூத்தவள், பார்த்த முகம், பேசிப் பழக்கமில்லை.

"என்னா தங்கச்சி, இம்புட்டுத் தூரம்?"

"வயித்து வலிக்கா. நீங்க?"

"எனக்கும் வயித்து வலிதான்."

சன்னலில் அலோசியஸ் என்று கூப்பிட்டார்கள், பின்னாலேயே பூரணி என்று கூப்பிட்டார்கள். பூரணி ராக்காயியின் மூத்த மகள். இரண்டு பேர் கைக்கும் ஒரே நிறத்துக் குளிசை வந்தது. பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பாதி வழி வந்தார்கள். பிறகு ராக்காயி, "நம்ம ரெண்டு பேரு வயிறும் ஒண்ணாத்தான் வலிக்குது போலருக்கு" என்றாள். ஐவியக்கா சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தாராம்.

இதையெல்லாம் வீட்டில் உட்கார்ந்து பேச முடியாது. ஒரே கூரைக்குக் கீழே வரிசை வீடுகளாக இருக்கும் லயத்தில் காம்பராவுக்குக் காம்பரா சுவர் உண்டு, ஆனால் அது கூரை வரை போகாது. இந்தப் பக்கம் இருமினால் ஐந்தாவது காம்பராவில் மருந்து சொல்வார்கள். பைத்தியம் பிடித்த வீடு என்று ஒரு தரம் பெயர் வாங்கினால், அடுத்த பிள்ளைக்குக் கல்யாணம் பேச ஆள் வராது. அதனால் ஐவியும் ராக்காயியும் ஞாயிற்றுக்கிழமைகளில் மேல்பீலிக்குத் துணி துவைக்கப் போனார்கள். மலையிலிருந்து இறங்கும் தண்ணீரைத் தகரம் வைத்துப் பிடித்துவிட்ட இடம் அது. ஏற்றம் அதிகம் என்பதால் வேறு யாரும் வருவதில்லை. தண்ணீர் விழுகிற சத்தத்தில் பக்கத்துக் கல்லில் இருப்பவளைத் தவிர எவர் காதுக்கும் பேச்சு எட்டாது.

நான் மூன்றாவதாகப் போனேன். தோட்டத்துப் பள்ளிக்கூட டீச்சர், என் துணிக்கு மேல்பீலி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் ஒரு அண்ணன் இருந்தார். இக்னேசியஸ். கதவைச் சாத்திக்கொண்டு மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர். பிறகு இன்னும் இரண்டு மூன்று பேர் வந்தார்கள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. யாருடைய முறையோ அவள் துவைக்கக் கூடாது. கல்லில் உட்கார்ந்து பேச வேண்டும், இல்லை அழ வேண்டும். அவள் மூட்டையை மற்றவர்கள் பிரித்துத் துவைப்போம். யாரும் குறுக்கே புத்தி சொல்வதில்லை. கேட்டால் மட்டும் சொல்வோம். குளிசையை ரொட்டிக்குள் ஒளித்துக் கொடுத்ததை பூரணி கண்டுபிடித்து, தாய் கையால் எதையும் வாங்கித் தின்னாமல் கிடந்தபோது, ராக்காயி கேட்டாள்.

"ஒளிக்காதீங்கக்கா" என்றாள் ஐவியக்கா. "உள்ளங்கையில வெச்சு நீட்டுங்க. தூக்கி எறிஞ்சா எறியட்டும். நாளைக்கும் நீட்டுங்க."

எட்டு வருஷம் இப்படிப் போனது. ஐவியக்கா மட்டும் தன் முறைக்கு உட்கார்ந்ததே இல்லை. "எனக்கென்னா, அடுத்த கெழம பாப்போம்" என்று அடுத்தவள் மூட்டையை இழுத்துக்கொள்வாள். நாங்களும் சரியென்று விட்டுவிட்டோம்.

எண்பத்திரண்டில் ராக்காயி குடும்பத்துக்கு, அரசாங்க ஒப்பந்தப்படி ஒரேயடியாக இந்தியா போகிற முறை வந்தது. எல்லோர் பேருக்கும் பாஸ்போர்ட் வந்துவிட்டது, பூரணிக்கும் சேர்த்து. ஆனால் அவள் தகப்பன் செல்லசாமிக்குத் தைரியம் வரவில்லை. பூரணிக்கு ரயில் என்றால் பயம். தூரத்தில் கூவினாலே காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துவிடுவாள். செல்லசாமி பிள்ளைக்காம்பரா வாசலில் வந்து நின்றார்.

"ஆயாம்மா, இம்புட்டுப் பிள்ளைகளப் பாக்குறீங்க. எம் மகளையும் ஒண்ணா நெனச்சு வெச்சுக்கங்க. கப்பல்ல கடலப் பாத்துக் குதிச்சிட்டான்னா நான் என்னா செய்வேன்? பின்னாடி ரெண்டு பயலுக இருக்கானுங்க."

ஐவியக்கா தொட்டிலை ஆட்டுவதை நிறுத்தவில்லை.

"மாட்டேண்ணே."

"நீங்களே இப்புடிச் சொன்னா?"

"ஒரு ஆளச் சொமக்கவே ஒடம்புல சத்து இல்லண்ணே. நான் விழுந்தா அவள யாரு தூக்குவா? பெத்தவங்க நீங்க கூட்டிட்டுப் போங்க. ரயிலுக்குப் பயம்னா பழக்கிக் கூட்டிட்டுப் போவோம். நான் வாறேன்."

தங்கமான மனுஷி ஒரே நாளில் கல்நெஞ்சுக்காரி ஆனாள். ஒரு பொம்பளைப் பிள்ளைக்கு ஒரு மூலை கொடுக்க மாட்டாளா என்று லயமெல்லாம் பேச்சு. செல்லசாமி ஒரு முடிவு சொன்னார். போகிற அன்றைக்கு பூரணி தன் காலால் ரயிலேறினால் கூட வரட்டும், இல்லையென்றால் கொழும்புப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் அவளை விட்டுவிட்டு மற்றவர்கள் போவது. அங்கே விட்டால் இந்த ஜென்மத்தில் பார்க்க முடியாது என்பது ராக்காயிக்குத் தெரியும்.

அன்றிலிருந்து ஞாயிறு தோறும் துவைப்பதை அவசரமாக முடித்துக்கொண்டு வட்டகொடை ஸ்டேஷனுக்கு நடந்தோம். முதலில் வெளியே நின்று ரயிலைப் பார்த்தோம். பிறகு பிளாட்பாரத்தில் நின்றோம். காதைப் பொத்திக்கொள், ஆனால் ஓடாதே என்று ஐவியக்கா சொல்லிக்கொடுத்தாள். தலவாக்கலை வரை ஒரு ஸ்டேஷன் போய் வந்தோம். ஒரு நாள் பாதியில் பூரணி வீறிட்டதில் ஒரு சிங்கள அம்மா எழுந்து வேறு பெட்டிக்குப் போனாள், இன்னொருத்தி தோடம்பழம் உரித்துக் கொடுத்தாள். கடைசியில் ஹட்டனுக்கு முன்னால் வரும் சிங்கமலைச் சுரங்கத்தையும் தாண்டிவிட்டோம். இருட்டுக்குள் பூரணி ஐவியக்காவின் கையில் நகம் பதியப் பிடித்திருந்தாள், கத்தவில்லை.

"கப்பல்தான் பழக்க முடியல" என்றேன்.

"கப்பல நானே பாத்ததில்ல டீச்சரம்மா. அத மாதா பாத்துக்கட்டும்."

எல்லாவற்றையும் யோசித்தோம். ஒன்றை மட்டும் யோசிக்கவே இல்லை. இந்தியா போகிற ரயிலென்றால் எங்கள் ஸ்டேஷன்களில் ஒப்பாரிதான். போகிறவர்களும் இருக்கிறவர்களும் கட்டிப்பிடித்துக்கொண்டு, இழவு வீட்டில் அழுவதுபோலச் சொல்லி அழுவார்கள். அழாவிட்டால்தான் குறை. அது எங்களுக்கு மூச்சு விடுகிற மாதிரி, தனியாக நினைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. நாங்கள் பழக்கியதெல்லாம் வழியனுப்ப ஆள் வராத அமைதியான ரயில்.

அவர்கள் புறப்பட்ட ஞாயிற்றுக்கிழமை பிளாட்பாரம் கொள்ளாத சனம். ரயில் வளைவில் கூவியதும் நூறு வாய்கள் ஒன்றாகத் திறந்தன. பூரணி மூட்டைகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"யாரு செத்தா? அம்மா, யாரு செத்தா?"

செல்லசாமி எங்களைப் பார்த்தார். "நான் அப்பவே சொன்னேன்ல?" அவர் குரலும் அழுதுகொண்டுதான் இருந்தது.

ஐவியக்கா ஒரு தகரப் பெட்டிமேல் ஏறி நின்றாள். பிள்ளைகளை அதட்டிக்கூடப் பழக்கமில்லாதவள்.

"வாய மூடுங்கடி! ஒருத்தியும் அழக் கூடாது. அழுவறவ வீட்டுக்குப் போ!"

கிட்டே நின்றவர்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்கள். அப்படியே ஒருத்தர் மாற்றி ஒருத்தராகப் பிளாட்பாரம் அடங்கியது. தம்பியை அனுப்ப வந்த ஒரு கிழவர் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்துக் காட்டினார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஐவியக்கா பூரணி பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"யாரும் சாகல தாயி. ஊருக்குப் போறீங்க. எல்லாரும் சிரிக்கிறாங்க பாரு. காதப் பொத்திக்க. எந்திரி."

"இக்மன் கரன்ன!" என்று கார்ட் சிங்களத்தில் அவசரப்படுத்தினார். பூரணி காதைப் பொத்திக்கொண்டு எழுந்தாள். படியில் கால் வைப்பதற்காக ஒரு கையை எடுத்து ஐவியக்காவின் தோளைப் பிடித்தாள். ஏறினாள். செல்லசாமி கும்பிட்டுவிட்டு ஏறினார்.

ராக்காயி சன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். உதடு கோணிக்கொண்டு வந்தது. ஐவியக்கா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். எட்டு வருஷம் ஒருத்தி வீட்டுத் துணியை ஒருத்தி துவைத்தவர்கள், ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல் பிரிந்தார்கள். ரயில் வளைவு திரும்பியதும் மற்றவர்களெல்லாம் ஓவென்று அழுதார்கள். ஐவியக்கா, "அவரு தனியா இருப்பாரு" என்று நடக்கத் தொடங்கினாள். வீட்டில் அலோசியஸ் அண்ணனுக்குச் சோறு போட்டுவிட்டு, அவர் அழுக்குத் துணியை மூட்டை கட்டிக்கொண்டு மேல்பீலிக்கு ஏறினாள். எனக்கு மனசு கேட்காமல் பின்னாலேயே போனேன்.

அங்கே கீழ்க்கணக்கு அம்மாக்கண்ணு ஒரு கம்பளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். அதற்கு முன் அவள் அங்கே வந்ததில்லை.

"ஆயாம்மா, ஒங்ககிட்ட சொன்னா மனசு ஆறும்னு சொன்னாங்க. எம் மவன் ராவெல்லாம்..." அதற்கு மேல் பேச முடியாமல் விம்மினாள்.

ஐவியக்கா அவளைப் பார்த்தாள். எனக்கு ஆத்திரமாக வந்தது, இன்றைக்குமா என்று. ஐவியக்கா மூட்டையைக் கீழே போட்டுவிட்டு ராக்காயியின் கல்லில் போய் உட்கார்ந்தாள்.

"இரு தாயி. ஒன்னோடத அப்புறம் கேக்குறேன். இன்னைக்கி என் மொற."

சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள். "ராக்காயிக்கா ரயில்ல நின்னு என்னையவே பாத்தாங்க டீச்சரம்மா. அழக் கூடாதுன்னு நாந்தானே சொன்னேன்" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். கழுத்தளவு கானில் ஆரம்பித்து, அடக்கி வைத்ததெல்லாம் பின்னாலேயே வந்தது.

எங்கள் வழக்கம் அம்மாக்கண்ணுவுக்குத் தெரியாது. என்னைப் பார்த்தாள், ஐவியக்காவைப் பார்த்தாள். பிறகு தன் கம்பளியைக் கீழே வைத்துவிட்டு, ஐவியக்காவின் மூட்டையை அவிழ்த்து, அலோசியஸ் அண்ணனின் சட்டையை எடுத்துத் தண்ணீரில் நனைத்துக் கல்லில் அடிக்கத் தொடங்கினாள்.