பொங்கக் கூடாத பால்

மாட்டுப்பால் இல்லாமலே காப்பி போடலாம் என்று முன்பு யாராவது பாக்கெட்டம்மாவிடம் சொல்லியிருந்தால், சொன்ன ஆளை அவள் உண்டு இல்லை என்று பண்ணியிருப்பாள். பால் கம்பெனியில் வேலை பார்த்தே தலை நரைத்தவள் அவள். பெல்ட்டில் வரிசையாக வரும் பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து, ஒழுகுவதை எடுத்து ஓரமாகப் போட வேண்டும். நாள் முழுக்க அதுதான் வேலை. குளிரில் விரல் மரத்துப்போகும். வீட்டுக்கு வந்து வெந்நீரில் கையை வைத்தால்தான் விரல் என்று ஒன்று இருப்பதே தெரியும். வரும்போது அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் பால் வாங்கி வந்து கொடுப்பாள். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் இப்போது அவளுக்கே மறந்திருக்கும்.

கணவர் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். ஒற்றை ஆளாக நின்று மகனை வளர்த்து, லிஃப்ட் மெக்கானிக் ஆக்கி, அவனுக்குக் கல்யாணமும் பண்ணி வைத்தாள். வந்த மருமகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள், அதிர்ந்து பேசத் தெரியாத பிள்ளை. அப்படியொரு பிள்ளை பாக்கெட்டம்மா கையில் சிக்கினால் என்ன ஆகும்? காலையிலும் மாலையிலும் ஒரு பெரிய டம்ளர் பால்.

"குடி, குடி. எலும்பும் தோலுமா இருக்கே. ஊருக்கே பால் ஊத்துறவ வீட்டு மருமக இப்படி இருந்தா என்னைத்தான் சிரிப்பாங்க."

அவளும் மறுபேச்சு பேசாமல் குடித்தாள். குடித்துவிட்டுக் குளியலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு வாந்தி எடுத்தாள். குழாய்ச் சத்தத்தில் பாக்கெட்டம்மாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் மகன்தான் பொறுக்க முடியாமல் சொன்னான்.

"அம்மா, அவளுக்குப் பால் ஒத்துக்காதும்மா. வயித்தைப் புடிச்சுக்கிட்டு சுருண்டு கிடக்கிறா. உன்கிட்ட சொல்லப் பயம்."

"என்கிட்ட என்னடா பயம்? நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?" என்று கத்தினாளே தவிர, மனசுக்குள் சுருக்கென்று இருந்தது.

மகன் கடையிலிருந்து ஓட்ஸ் பால் டப்பா வாங்கி வர ஆரம்பித்தான். காலையில் அவனே அடுப்படியில் நின்று காப்பி கலந்து, மேலே நுரை கட்டி, பெண்டாட்டிக்கு நீட்டுவான். லாட்டே என்பான். "லாட்டேயோ கீட்டேயோ, குதிரை திங்கிறதை அரைச்சு ஊத்திட்டு அதுக்குப் பால்னு பேரு வேற" என்று பாக்கெட்டம்மா மோவாயைத் தோளில் இடித்துக்கொள்வாள். அவர்கள் இருவரும் சிரிப்பார்கள். அந்த வீட்டில் பொழுது அப்படித்தான் விடிந்துகொண்டிருந்தது.

ஒரு மழைநாளில் அவன் பைக்கை லாரி ஒன்று இடித்துவிட்டுப் போனது. அவ்வளவுதான். அதற்கு மேல் அந்த நாளைப் பற்றிச் சொல்ல யாருக்கும் மனசு வராது.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் கிளம்பிப் போனார்கள். மருமகள் படுத்த பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. சோறு வேண்டாம், காப்பி வேண்டாம், எதுவும் வேண்டாம். அவன் வாங்கி வைத்திருந்த டப்பா காலியாகி அப்படியே ஃபிரிட்ஜில் நின்றது. அதைத் தூக்கிப் போட இருவருக்குமே கை வரவில்லை. இப்படியே விட்டால் இவளும் போய்விடுவாள் என்று பாக்கெட்டம்மாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஒருநாள் காலையில் எழுந்து ஓட்ஸை எடுத்து மிக்சியில் போட்டாள். எப்படிச் செய்வதென்று யாரைக் கேட்பது? பாலென்றால் பொங்க வேண்டும், அவளுக்குத் தெரிந்தது அதுதான். சுடுதண்ணீர் ஊற்றி, மைய அரைத்து, அடுப்பில் ஏற்றிவிட்டுப் பொங்கும் பொங்கும் என்று பார்த்துக்கொண்டே நின்றாள். அது எங்கே பொங்க? இறுகிப்போய், விட்ட கரண்டி விட்டபடியே நட்டமாக நின்றது. தீய்ந்த வாசனைக்கு மருமகள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன அத்தை இது?"

"ம்... லாட்டே."

"சுவத்துல போஸ்டர் ஒட்டலாம் அத்தை."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவன் போனபின் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அது அழுகையாகிவிட, அடுப்படித் தரையில் உட்கார்ந்து ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு அழுது தீர்த்தார்கள்.

அதோடு விடுவாளா பாக்கெட்டம்மா? கெடுத்துக் கெடுத்தே கற்றுக்கொண்டாள். ஓட்ஸுக்குச் சில்லென்ற தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், சூடு பட்டால் பசையாகிவிடும். மிக்சியை ஓட்டினோமா நிறுத்தினோமா என்று இருக்க வேண்டும். துணியில் வடிகட்டும்போது பிழியக் கூடாது, அதுபாட்டுக்கு வடியட்டும் என்று விட்டுவிட வேண்டும். ஒரு சிட்டிகை உப்பு, ஒரு சின்னக் கரண்டி எண்ணெய். சிறு தீயில் கிண்டிக்கொண்டே இருந்து, ஆவி கண்டதும் இறக்கிவிட வேண்டும். பொங்கவே கூடாது. பிறகு பாட்டிலில் பாதிக்கு ஊற்றி, துணியால் சுற்றிப் பிடித்துக்கொண்டு குலுக்கினால் நுரை வரும். கட்டியான டிகாக்ஷன் மேல் பாலை மெதுவாக ஊற்றி, நுரையைக் கரண்டியால் அள்ளி வைக்க வேண்டும்.

மருமகள் ஒரு வாய் குடித்தாள், உடனே இன்னொரு வாயும் குடித்தாள்.

"அவரு போடுறதைவிட நல்லா இருக்கு அத்தை."

அன்றிலிருந்து அவளை அடுப்படிக்குள் விட்டதே இல்லை. "உனக்கு இது கைவராது, போய்க் கிளம்பு" என்று விரட்டிவிடுவாள். பாவம், பாக்கெட்டம்மாவுக்கு வேறு என்ன இருந்தது? கம்பெனியில் வயசாகிவிட்டது என்று அனுப்பிவிட்டார்கள். பெற்ற ஒன்றும் இல்லை. காலையில் கண் விழித்தால் எழுந்திருக்க ஒரு காரணம் வேண்டாமா? அந்த ஒரு காப்பிதான் காரணம். உலகத்தில் அவள் கையால் மட்டுமே நடக்கிற காரியம் அது ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணைத் தன்னோடு கட்டிப்போட்டு வைத்துக்கொள்ள அவள் நினைக்கவில்லை. நான் கண்ணை மூடினால் இவளுக்கு யார் என்று ராத்திரி பகலாக அதே யோசனை. கண்ணாடிக் கடைக்கு வந்துபோன வாத்தியார் ஒருவர், தங்கமான மனுஷன் என்று கடை முதலாளி சொன்னதும், பாக்கெட்டம்மாவே நேரில் போய்ப் பார்த்துக் கல்யாணம் பேசிவிட்டு வந்தாள். மருமகள் ஒரே பிடியாக மறுத்தாள்.

"உங்களைத் தனியா விட்டுட்டு நான் எங்கயும் போக மாட்டேன்."

"நான் என்ன தொட்டில் குழந்தையா? நீ இருக்கிறதாலதான் எனக்கு விடிஞ்சா எழுந்தா வேலை. நீ போனா நிம்மதியா தூங்குவேன்."

மனசறிந்து சொன்ன பொய். வாய் கூசாமல் சொன்னாள். பெண் அழுதாள். பிறகு சம்மதித்தாள். பதிவு அலுவலகத்தில் பாக்கெட்டம்மா சாட்சிக் கையெழுத்துப் போட்டாள், பெட்டியை வண்டியில் ஏற்றினாள், கையை ஆட்டினாள், வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

சில நாள் கழித்து வாத்தியாரின் அம்மா போன் செய்தார்.

"சம்பந்தி, நல்லா இருக்கீங்களா?"

சம்பந்தியாம்! மருமகளின் பழைய மாமியாரைப் புது மாமியார் என்னவென்று கூப்பிடுவது? அதற்கென்று ஒரு வார்த்தை கிடையாது. அந்த அம்மாள் இவளைப் பெண்ணைப் பெற்றவளாகவே வைத்துக் கூப்பிட்டுவிட்டார்.

"நம்ம பொண்ணு காலையில ஒண்ணும் குடிக்காமலே வேலைக்கு ஓடுது சம்பந்தி. கேட்டா எது இருந்தாலும் பரவாயில்லங்குது. நீங்க போடுற காப்பியைப் பத்தி மட்டும் வாய் ஓயாம பேசுது. எப்படிப் போடணும்னு சொன்னீங்கன்னா நானே போட்டுக் கொடுத்துடுவேன்."

என்ன நல்ல மனசு பாருங்கள். ஆனால் பாக்கெட்டம்மா நினைத்தது வேறு. இதுவும் போய்விட்டால் அப்புறம் தனக்கு என்ன இருக்கிறது? ஓட்ஸ் எவ்வளவு என்று சரியாகத்தான் சொன்னாள். உப்பும் எண்ணெயும் சொன்னாள். தண்ணீர் என்று வந்ததும் நாக்கு புரண்டது.

"நல்லா கொதிக்கிற தண்ணியா ஊத்துங்க. மைய அரைங்க. அப்புறம் அடுப்புல வெச்சுப் பொங்க விடுங்க."

"சரி சம்பந்தி, ரொம்ப சந்தோஷம்" என்று அந்த அம்மாள் போனை வைத்தார்.

இவள் காத்திருந்தாள். நாளைக்கே பெண் கூப்பிடும், "அத்தை, இங்க யாருக்குமே அது வரல" என்று சொல்லும் என்று எதிர்பார்த்தாள். பெண் கூப்பிட்டது. சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, கால் வலி எப்படி என்று கேட்டது. காப்பியைப் பற்றி மூச்சு விடவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே வந்தாள். பாக்கெட்டம்மா பரபரவென்று ஓட்ஸ் அரைத்துக் காப்பி போட்டாள். பெண் ஒரே மூச்சில் குடித்து, உதட்டில் ஒட்டிய நுரையை நக்கிக்கொண்டாள்.

"அங்க காப்பி குடிக்கிறது இல்லையா?" என்று பாக்கெட்டம்மா ஒன்றும் தெரியாதவள்போலக் கேட்டாள்.

"தினமும் போட்டுத் தர்றாங்க அத்தை. பாவம், விடியிறதுக்கு முன்னாடியே எழுந்து அரைக்கிறாங்க. அது என்னமோ கொழகொழன்னு, தொண்டையில இறங்கவே மாட்டேங்குது. கண்ணை மூடிக்கிட்டு விழுங்கிடுவேன். உன் அத்தைகிட்டயே கேட்டுப் போட்டேம்மான்னு அவ்வளவு பெருமையா நீட்டுறாங்க. எப்படி வேணாம்னு சொல்றது?" பெண் டம்ளரைக் கழுவி வைத்தாள். "இதுக்காகவே இனிமே ஞாயித்துக்கிழமை ஆனா இங்க ஓடி வந்துடப்போறேன்."

ஆசைப்பட்டது இதுதானே? கேட்டதெல்லாம் கையில் வந்து விழுந்தாயிற்று. பாக்கெட்டம்மாவுக்கு ஏனோ குளியலறைக் குழாய்ச் சத்தம் காதில் கேட்டது. முன்பு தெரியாமல் செய்தோம், இப்போது தெரிந்தே செய்துவிட்டோமே என்று இருந்தது. அங்கே ஒரு தாய் விடியற்காலையில் எழுந்து ஆசையாகப் பசை காய்ச்சுகிறாள், இந்தப் பெண் அதை மறுபேச்சு பேசாமல் விழுங்குகிறாள். நடுவில் இந்தப் பாவி!

பெண் தெரு முனை திரும்பியதும் போனை எடுத்தாள்.

"சம்பந்தி, அந்தக் காப்பி... நான் உங்களுக்குத் தப்பா சொல்லிட்டேன்."

"அட, வயசாச்சுல்ல, எனக்கும்தான் எல்லாம் மறக்குது."

"மறக்கல. தெரிஞ்சேதான் கொதிக்கிற தண்ணின்னு சொன்னேன்."

அந்தப் பக்கம் ஒரு பாத்திரத்தை எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது.

"சரி, சொல்லுங்க. பச்சைத் தண்ணியா, ஐஸ் தண்ணியா?"

பாக்கெட்டம்மா சொன்னாள். ஒன்று விடாமல் சொன்னாள். துணியைப் பிழியாதீங்க, ஆவி வந்ததும் இறக்கிடுங்க, பாட்டிலைக் கெட்டியா புடிச்சுக் குலுக்குங்க. அவளாகக் கெடுத்துக் கெடுத்துக் கண்டுபிடித்தது, மகனுக்கே தெரியாதது, அத்தனையையும் எடுத்துக் கொடுத்தாள். சொல்லி முடித்தபோது கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, குரலில் மட்டும் அது தெரியாமல் பார்த்துக்கொண்டாள்.

இரண்டு நாளில் பெண் கூப்பிட்டாள். குரலில் அப்படியொரு துள்ளல்.

"அத்தை, இன்னிக்கு இங்க இருக்கிற அத்தை போட்ட காப்பி அப்படியே உங்க காப்பி! கொஞ்சம்கூட வித்தியாசம் இல்ல. எனக்கு நம்பவே முடியல."

"அப்படியா? நல்லதும்மா, ரொம்ப நல்லது" என்றாள் பாக்கெட்டம்மா.

அந்த ஞாயிறு பெண்ணுக்கு வேலை இருந்தது, வரவில்லை. அடுத்த ஞாயிறு வீட்டுக்கு விருந்தாளி வந்துவிட்டார்களாம். அதற்கடுத்த ஞாயிறு வாத்தியாரோடு வந்தாள். முகத்தில் சதை பிடித்திருந்தது, சிரித்துச் சிரித்துப் பேசினாள், வந்த உடனே மாத்திரை டப்பாவைத் திறந்து எண்ணிப் பார்த்தாள், ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று கோபித்துக்கொண்டாள். ஒரு குறை சொல்ல முடியாது அந்தப் பிள்ளையை. பாக்கெட்டம்மா காலையிலேயே ஓட்ஸ் பால் எடுத்து, வடித்து, மூடி வைத்திருந்தாள். பேச்சின் நடுவே மெல்ல எழுந்தாள்.

"இரும்மா, காப்பி கொண்டு வர்றேன்."

"வேணாம் அத்தை, உட்காருங்க. இப்பதான் வீட்டுல குடிச்சுட்டு வந்தேன்."