ஒகாயோவுக்கு ஒரு மெழுகுதிரி

ஒரு மேயருடைய வாழ்க்கையை எழுதவேண்டும் என்ற எண்ணம், ஜேர்மனியின் ஹம் நகரத்துச் சேமக்காலையில், கல்லறைகளுக்கு நடுவே ஈரப் புல்லில் முழங்காலிட்டிருந்தபோதுதான் வந்தது.

போன நவம்பர், சகல ஆத்துமாக்கள் திருநாள். ஊரில் என்றால் அன்றைக்கு ஒவ்வொரு குடும்பமும் தன் கல்லறையைக் கழுவி, பூப் போட்டு, மெழுகுதிரி கொளுத்தும். சுவாமியார் வந்து மந்திரிப்பார். இங்கே எங்களுக்குக் கல்லறை ஏது? அம்மாவின் ஒரே தம்பிக்கு, இயக்கத்துக்குப் போய்ச் சண்டையில் செத்த என் மாமாவுக்கு, ஊரிலும் இல்லை. உடல் வரவேயில்லை. அதனால் ஜேர்மனிக்கு வந்த முதல் வருடமே அம்மா ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டார். சுற்றிவர எல்லாக் கல்லறைகளிலும் சிவப்பு விளக்கு எரிய, மூலையில் இருட்டாகக் கிடந்த பழைய கல். மாமாவின் மெழுகுதிரி வருடாவருடம் அதில்தான் எரிந்தது.

கல்லில் இருந்தது பழைய ஜேர்மன் கொத்தெழுத்து. போன வருடம்தான் பாசியைச் சுரண்டி, எழுத்துக் கூட்டி வாசித்தேன். மேலே ஒரு தச்சரும் மனைவியும். கீழே அவர்களுடைய மகன்: அமெரிக்கப் போரில் போர்வீரர், பிறகு அங்கே ஒரு சிறிய ஊரின் மேயர், அமெரிக்காவின் ஒகாயோவில் அடக்கம்.

"அம்மா, இந்த ஆள் இதுக்குள்ள இல்லை."

"அப்ப இவ்வளவு காலமும் ஆருக்குக் கொளுத்தினனான்?"

"அவற்ர தாய் தேப்பனுக்கு."

அம்மா திரியை நிமிர்த்திவிட்டார். "பறவாயில்லை. அதுகளும் பிள்ளையின்ர முகம் பாக்காமச் செத்ததுகள்தானே."

எனக்கு அதற்குமேல் இருப்புக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடம் முடிந்த கையோடு நகர ஆவணக்காப்பகத்துக்கு ஓடினேன். அந்த மேயர் இறந்தபோது இங்கத்தைய பத்திரிகை எழுதிய அரைப் பத்தி கிடைத்தது. பிரஷ்யப் படையில் கட்டாயமாகச் சேர்ப்பார்கள் என்று கப்பலேறியவர். அமெரிக்காவில் போய் இறங்கிய கொஞ்சக் காலத்தில் அங்கே உள்நாட்டுப் போர். வட மாநிலங்களின் படையில் சேர்ந்து, முழங்காலில் குண்டு வாங்கி, சேணக்கடை வைத்து, நகரசபைத் தேர்தலில் ஒருமுறை தோற்று, மறுமுறை வென்று, கடைசியில் மேயர். ஒரு பாலத்துக்காகவும் ஒரு கழிவுவாய்க்காலுக்காகவும் வருடக்கணக்காகச் சண்டை பிடித்திருக்கிறார்.

முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்த அம்மாவிடம் மூச்சுவிடாமல் சொன்னேன்.

"இஞ்ச ஆமிக்குப் பயந்து ஓடினவர் அங்க போய் ஆமியில சேர்ந்தவரோ? நல்ல விளையாட்டு."

"பிறகு நொண்டி நொண்டி வீடுவீடாப் போய் வோட்டுக் கேட்டவராம் அம்மா."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உன்ர மாமாவும் எலெக்சனில நிண்டிருப்பான். அந்த வாய்க்கு ஆர் வோட்டுப் போடாம விடுறது? வேலிச் சண்டைக்குப் போனாலும் அந்த வீட்டிலயே தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் வருவான்." கழற்றிய சப்பாத்தை ஓரமாக வைத்தார். "முழங்காலிலயோ பட்டது?"

"ஓம்."

"முழங்காலில பட்டால் ஆள் தப்பலாம்."

அதற்குப் பிறகு, "உன்ர மேயர் இப்ப என்ன செய்யிறார்?" என்று தானாகவே கேட்கத் தொடங்கினார்.

உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய கிழமை தனியே சேமக்காலைக்குப் போய்வந்த அம்மா, கல்லில் ஆரோ மஞ்சள் கடதாசி ஒட்டிவிட்டார்கள் என்று கோபப்பட்டார். "பெடியளின்ர சேட்டை. நகத்தால சுரண்டித் துடைச்சிட்டு வந்தனான்." நானும் சிரித்தேன். எங்கள் ஊரில் கல்லறை என்றால் அது நின்ற இடத்தில் நிற்கும்.

இந்த நவம்பர் போனால், கல் இல்லை. புதிதாக விதைத்த புல், ஊசி ஊசியாக.

"வழி மாறி வந்திட்டம்," என்று அம்மா அடுத்த பாதைக்கும் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

நான் அலுவலகத்துக்கு ஓடினேன். இங்கே கல்லறை இடம் குத்தகைக்குத்தானாம்; தவணை முடிந்துவிட்டதால் கல்லை எடுத்துவிட்டார்களாம். உரித்துக்காரர் தொடர்புகொள்ளட்டும் என்று கல்லில் அறிவித்தல் ஒட்டினார்களாம், ஒருவரும் வரவில்லையாம். "நீங்கள் உறவினரா?" என்று அந்த மனிதர் மரியாதையாகத்தான் கேட்டார்.

வெளியே வந்து அம்மாவிடம் சொன்னேன். "அப்ப அந்த மஞ்சள் கடதாசி..." என்றவர் தன் நகத்தைப் பார்த்தார். பிறகு புல்லில் மெழுகுதிரியை ஊன்றினார். நிலம் இளகியிருந்தது; அது சரிந்து சரிந்து விழுந்தது. எரிந்து முடியும்வரை நான் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மேயருடைய வாழ்க்கையை எழுதுவதைத் தள்ளி வைத்திருக்கிறேன். இப்போது எழுதுவது ஒகாயோவில் அந்த ஊர்க் கிறிஸ்தவக் கோயிலுக்கு, பள்ளிக்கூட ஆங்கிலத்தில் ஒரு கடிதம். அவருடைய கல் இன்னும் நிற்கிறதா? நின்றால், இத்தோடு வரும் மெழுகுதிரியை அதில் கொளுத்துவீர்களா?

மெழுகுதிரியைப் பழைய துவாயில் சுற்றிக் கொண்டுவந்து வைத்தவர் அம்மாதான். "படமும் எடுத்து அனுப்பச் சொல்லு. எரியேக்க."

"மேயருக்கோ, மாமாவுக்கோ? ஆருக்காக எண்டு எழுத?"

"மேயருக்கெண்டே எழுது. மற்றது அவருக்கு விளங்கும்."

நாளைக்குப் பள்ளிக்கூடம் முடிய தபால்கந்தோருக்குப் போகிறேன். மெழுகுதிரி முறியாமல் கடல் கடக்க எந்தப் பெட்டி நல்லது என்று முதலில் கேட்கவேண்டும்.