கடைசி வரிசைக்குப் பின்னால் நின்ற அம்மா

இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்றால், நீங்கள் அம்மாவின் கேமரா முன்னால் ஒருமுறையாவது நின்றிருப்பீர்கள். உங்கள் வீட்டுக் காதுகுத்து, வளைகாப்பு, கல்யாணம், இல்லையென்றால் கம்பெனி வாசலில் காட்டும் அடையாள அட்டையில் இருக்கும் முகம், ஏதோ ஒன்று அவர் எடுத்ததாக இருக்கும். அம்மா மறைந்து ஓராண்டு ஆகிறது. வீட்டில் படையல் போடும் இந்த நாளில் அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுது என்று பெரியவர்கள் சொன்னார்கள். நான் கொஞ்சம் அதிகமாகவே எழுதப்போகிறேன். அதில் எல்லாமே காதுக்கு இனிமையாக இருக்கும் என்று சொல்ல முடியாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா பிறந்தது வல்லம் வடகாலை ஒட்டிய ஒரு சின்ன ஊரில். நெல் பயிரிட்ட குடும்பம். தாத்தாவின் நிலம் தொழிற்பேட்டைக்குப் போய்விட்டது. அம்மாவின் அண்ணன், அதாவது என் பெரிய மாமா, அதே இடத்தில் எழும்பிய கம்பெனியில் செக்யூரிட்டி வேலைக்குச் சேர்ந்தார். அம்மாவை ஸ்ரீபெரும்புதூரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த அப்பாவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். "ஸ்டூடியோகாரர் வூட்டுக்குப் போற, தெனம் ஒரு போட்டோ புடிச்சிக்கலாம்" என்று தோழிகள் கிண்டல் செய்தார்களாம். அந்த ஆசையெல்லாம் அம்மாவுக்கு இருந்ததில்லை.

அவர் கையில் கேமரா வந்ததற்கு மஞ்சள் நீராட்டு விழாக்கள்தான் காரணம். பெண்ணுக்குத் தண்ணீர் ஊற்றும் இடத்தில் ஆம்பளைக்கு என்ன வேலை என்று ஒரு வீட்டில் அப்பாவை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். அப்பா கேமராவை அம்மாவிடம் நீட்டினார். "உள்ள போயி இந்தப் பட்டன அழுத்திக்கினே இரு, மீதிய நான் பாத்துக்கறேன்" என்றார். வந்த படங்களில் பாதிக்கு மேல் தலை இல்லை. அந்த வீட்டுக்காரர் வந்து, "இன்னாம்மா, எம்பொண்ணு தல எங்க?" என்று கேட்க, அம்மா கொஞ்சமும் அசராமல், "பட்டுப்பாவாட எவ்ளோ அழகா வுழுந்துக்கீது பாருங்க" என்றாராம். இதைச் சொல்லிச் சொல்லி அப்பா சாகும்வரை சிரித்தார்.

ஆனால் சீக்கிரமே அம்மா அப்பாவை மிஞ்சிவிட்டார். கல்யாணங்களில் அப்பா வீடியோ எடுப்பார், தாலி கட்டும் படத்தை அம்மாதான் எடுப்பார். அந்தச் சந்தடியில் யார் இடித்தாலும் அவர் கை ஆடாது. யோசித்துப் பாருங்கள், தாலி ஏறும் அந்த நொடியில் மணப்பெண்ணுக்கு நேர் எதிரே, எல்லாரையும்விடக் கிட்டத்தில் இருப்பது பெற்றவர்கள் இல்லை, போட்டோகிராபர்தான். பெண் தலை நிமிர்ந்தால் முதலில் தெரிவது அந்த முகம். எங்கள் பகுதியில் பல பெண்களுக்கு அது அம்மாவின் முகமாக இருந்தது. "சிரிம்மா, முடிஞ்சிடுச்சி" என்று அம்மா மெதுவாகச் சொல்வார்.

நான் தண்டலத்தில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா மாரடைப்பில் போய்விட்டார். அடுத்த சில மாதங்களில் அத்தையின் மூத்த மகளுக்குத் திருமணம். அத்தை என்றால் அப்பாவின் தங்கை. சொந்த வீட்டுக் கல்யாணம், அம்மாதான் படம் என்று முன்பே பேசியிருந்தது. அம்மா வெள்ளையாக ஒரு சேலை கட்டிக்கொண்டு, பொட்டில்லாமல், கேமராவோடு மணவறை முன்னால் எப்போதும் நிற்கும் இடத்தில் நின்றார். கெட்டிமேளம் கொட்டுவதற்கு முன் அத்தை அவர் தோளில் கை வைத்தார்.

"அண்ணி, தப்பா நெனைச்சிக்காத. கொஞ்சம் அந்தாண்ட போயி நில்லு. பொண்ணு தல நிமிந்தா எதுருக்க நீதான் கீற."

அத்தை கோபமாகச் சொல்லவில்லை, கெஞ்சுவதுபோல்தான் சொன்னார். மேடையில் இருந்த யாரும் எதுவும் பேசவில்லை. பேசாதவர்கள் பலர் இந்த மலரைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். அம்மா தலையை ஆட்டிவிட்டுப் பின்னால் போனார். அன்று எடுத்த தாலிப் படத்தில் முதுகுகள்தான் இருந்தன.

அதன் பிறகு பல வீடுகளில், "உங்களுக்கு ஏங்க்கா செரமம், யாராச்சும் ஆம்பள ஆளா அனுப்புங்க" என்று அக்கறையாகச் சொன்னார்கள். அம்மா யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. சென்னைக்குப் போய் நீளமான லென்ஸ் ஒன்று வாங்கி வந்தார். மண்டபத்தில் கடைசி வரிசை நாற்காலிகளுக்கும் பின்னால், சாப்பாட்டுக் கூடத்தின் வாசலருகே நின்றால் அங்கிருந்தே மணப்பெண்ணின் கண் மை வரை தெரியும். மேடைக்கு வராத போட்டோகிராபரை மேடையை விட்டு இறங்கச் சொல்ல யாராலும் முடியாதல்லவா? அந்த ஏற்பாட்டுக்கு எல்லாரும் சம்மதித்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால் அம்மாவுக்கு அதில்தான் பெயர் வந்தது. தூரத்திலிருந்து எடுப்பதால், எடுப்பது யாருக்கும் தெரியாது. கண்ணைத் துடைக்கும் அப்பன், ஒருவரை ஒருவர் முறைத்துக்கொள்ளும் சம்பந்திகள், பசியில் கொட்டாவி விடும் மாப்பிள்ளை எல்லாரும் படத்தில் இயல்பாக விழுந்தார்கள். கேண்டிட் போட்டோ என்று ஊரெல்லாம் பேச ஆரம்பித்த காலம் அது. "மேடம், உங்க ஸ்டைலே தனி" என்று இளம் போட்டோகிராபர்கள் வந்து கேட்பார்கள். அம்மா சிரித்துக்கொள்வார். அது ஸ்டைல் இல்லை, அவரை நிற்கவிட்ட இடம்.

கடைசிப் பந்தி முடியும் நேரத்தில் நாதஸ்வரக்காரர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவார். வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஆல்பம் செய்யும்போது திரையில் தெரியும் முகங்களோடு பேசுவார். "இன்னாத்துக்கு இப்டி மூஞ்சிய வெச்சிக்கினு கீற?" என்பார். அடுத்த அறையில் இருக்கும் எனக்கு, யாரோ வந்திருக்கிறார்கள் என்று தோன்றும். எட்டிப் பார்த்தால் அம்மா மட்டும்தான் இருப்பார்.

ஸ்டூடியோவுக்கு வந்தவர்களில் பாதிப்பேர் தெற்கிலிருந்து வேலைக்கு வந்து வாடகை அறைகளில் தங்கியிருந்த பிள்ளைகள். ஒரு பையன், "யக்கா, எங்கம்ம பாத்தா மெலிஞ்சிட்டான்னு அழுவா. கன்னம் கொஞ்சம் உப்புன மாரி எடுங்கக்கா" என்றான். அம்மா அவனைத் திருப்பித் திருப்பி உட்காரவைத்து, விளக்கை நகர்த்தி நகர்த்தி, எப்படியோ அவனுக்கு இரண்டு கன்னம் வரவழைத்தார். படத்தை வாங்கிக்கொண்டு போகாமல் அவன் வெகுநேரம் ஸ்டூடியோவிலேயே உட்கார்ந்திருந்தான். அறைக்குப் போனால் பேச ஆளில்லை என்றான். அம்மா டீ வாங்கித் தந்தார். இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை, ஆனால் இருவருக்கும் அது வேண்டியிருந்தது என்று நினைக்கிறேன்.

இருங்காட்டுக்கோட்டை அருகே ஒரு கோயிலில் அப்படிப்பட்ட இரண்டு பிள்ளைகள் கல்யாணம் செய்துகொண்டார்கள். இரண்டு வீட்டிலும் சம்மதமில்லை, சொந்தம் என்று ஒருவரும் வரவில்லை. பை தூக்க நானும் போயிருந்தேன். அங்கே அம்மாவைப் பின்னால் போகச் சொல்ல ஆளே கிடையாது. இருந்தும் அம்மா போய்ப் பூக்கடைக்குப் பின்னால் நின்றார்.

"ஏங்க்கா அங்கன போயி நிக்கீங்க? கிட்ட வாங்க" என்று அந்தப் பெண் கூப்பிட்டாள்.

"இங்கருந்துதாம்மா நல்லா வரும்" என்றார் அம்மா.

அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. மற்றவர்கள் சொல்லித்தான் அவர் பின்னால் நிற்கிறார் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

என் கல்யாணம் நிச்சயமானபோது, அம்மாதான் படம் எடுக்க வேண்டும், வேறு போட்டோகிராபரே கூடாது என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "என் தாலிய மட்டுமாவது மேடைல நின்னு எடும்மா" என்றேன். "பாக்கலாம்" என்றார். அம்மா பாக்கலாம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம்.

ஆகவே அன்று காலை எல்லாரும் மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்கப் போயிருந்த நேரத்தில், அம்மாவின் பையிலிருந்து அந்த நீள லென்ஸை எடுத்து என் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். மிச்சமிருந்த சின்ன லென்ஸை வைத்துக்கொண்டு கடைசி வரிசையிலிருந்து எடுத்தால் நான் கடுகளவுதான் தெரிவேன். வேறு வழியில்லாமல் கிட்டே வந்துதான் ஆகவேண்டும் என்று கணக்குப் போட்டேன். நான் செய்தது தப்பென்று இன்றும் எனக்குத் தோன்றவில்லை.

முகூர்த்த நேரத்தில் மணவறையிலிருந்து பார்த்தேன். அம்மா பையைத் துழாவினார். கை நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. நான் வா என்று தலையாட்டினேன். அம்மா சின்ன லென்ஸோடு நாற்காலிகளுக்கு நடுவே நடந்து வந்தார். பாதி மண்டபம் வந்துவிட்டார். மேடையில் நின்ற அத்தையே கையை நீட்டி, "வா அண்ணி, வந்து நில்லு, நேரமாவுது" என்று கூப்பிட்டார். அம்மா நின்றார். பிறகு திரும்பிப் போய்விட்டார். கெட்டிமேளம் கொட்டியது. அழுதேன். புகை என்று நினைத்துக்கொண்டார்கள்.

அந்தப் படத்தை மறுவீடு வந்தபோது பார்த்தேன். முழு மண்டபமும் அதில் இருந்தது. வரிசை வரிசையாகத் தலைகள், தூக்கிப் பிடித்த செல்போன்கள், மின்விசிறிகள், இரண்டு நாற்காலியைச் சேர்த்துப் போட்டுத் தூங்கும் ஒரு குழந்தை. எல்லாவற்றுக்கும் அப்பால், வெளிச்சத்தில், அரக்கு நிறத்தில் ஒரு புள்ளி. அது நான். தாலி தெரியவில்லை, என் கணவர் தெரியவில்லை. அம்மா பெரிதாக்கிப் பார்த்தார், படம் பொரிப்பொரியாக உடைந்துதான் வந்தது. அதுவரை அவர் எடுத்த படங்களில் எல்லாரும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார்கள். அம்மா நின்ற இடத்துக்கும் மேடைக்கும் இவ்வளவு தூரம் என்று அந்தப் படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

"அத்தையே கூப்ட்டாங்களே, ஏம்மா வரல?" என்று கத்தினேன்.

அம்மா திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நாளைக்கி உனுக்கு ஒரு தலவலின்னாலும், நான் வந்து எதுருக்க நின்னதாலதானோன்னு எனக்கே தோணும். ஊரு சொல்றத தாங்கிக்கலாம். அத தாங்க முடியாது கண்ணு."

எனக்கும் என் கணவருக்கும் எந்தக் குறையும் இல்லை, தினமும் சண்டை போட்டுக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறோம். அம்மா வந்து நின்றிருந்தாலும் இப்படித்தான் இருந்திருப்போம். இதை அவரிடம் எத்தனையோ தடவை சொன்னேன். "பாக்கலாம்" என்பார்.

அதன் பிறகும் நடக்க முடிந்தவரை கல்யாணங்களுக்குப் போனார், அதே இடத்தில்தான் நின்றார். சர்க்கரை நோய் சிறுநீரகத்தைப் பிடித்த பிறகு படுக்கையில் விழுந்தார். கடைசி மாதங்களில் அத்தைதான் தினமும் கஞ்சி வைத்துக் கொண்டுவந்து ஊட்டினார். ஒருநாள், "அண்ணி, அன்னிக்கி நான் உன்ன..." என்று அத்தை ஆரம்பித்தார். அம்மா, "வுடு, கஞ்சி ஆறுது" என்று வாயைத் திறந்து காட்டினார். அவர்களுக்குள் அந்தப் பேச்சு அவ்வளவோடு முடிந்தது.

மருத்துவமனையில் அம்மாவைத் தங்கள் வீட்டுப் பெரியவரைப்போலப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், ஷிப்ட் முடிந்து யூனிபார்மோடே ஓடிவந்து பாடை தூக்கிய அந்தத் தெற்கத்திப் பிள்ளைகளுக்கும், காரியம் முடியும்வரை வீட்டுக்குச் சோறு அனுப்பிய அக்கம்பக்கத்தாருக்கும், எல்லாவற்றையும் முன்னின்று நடத்திய பெரிய மாமாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. எல்லாரையும்விட அத்தைக்கு. அவருக்கு நன்றி என்று எழுதினால் போதாது.

வரும் தை மாதம் அத்தையின் இரண்டாவது மகளுக்குத் திருமணம். அத்தையின் கணவர் இந்த ஆடியில் தவறிவிட்டது உங்களுக்குத் தெரியும். போன வாரம் அத்தை போன் செய்தார். "மேடைய நீ பாத்துக்கோ கண்ணு. நான் சாப்பாட்டு ஹாலாண்ட இருந்துக்கறேன். பரிமாற எடத்துல ஒரு ஆளு வேணுமில்ல" என்றார். "உன்ன அங்க நிக்க வுடமாட்டேன் அத்த. இத மலர்ல எழுதப்போறேன்" என்றேன். நெடுநேரம் அழுதுவிட்டு, "எழுது, எல்லாரும் படிக்கட்டும்" என்றார்.

அதனால் எழுதுகிறேன். அன்று முகூர்த்த நேரத்தில் அத்தை மணவறை முன்னால், தன் மகளுக்கு நேர் எதிரே நிற்பார். இதில் யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் இப்போதே என் வீட்டுக்கு வாருங்கள், காபி போட்டுத் தருகிறேன், உட்கார்ந்து சண்டை போடுவோம். அன்றைக்கு மண்டபத்தில் மட்டும் யாரும் அவரிடம் எதுவும் சொல்லிவிடாதீர்கள். ஒருமுறை பின்னால் போனவரை அப்புறம் எவ்வளவு கூப்பிட்டாலும் முன்னால் கொண்டுவர முடியாது. நான் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறேன்.

— மகள்