பெட்டியில் ஏழு சாமான்

எதையும் எழுதி, எண்ணி, சரிபார்த்து வைக்கும் பழக்கம் எனக்கு ஒன்பது வயதில் வந்தது. அந்த முதல் பட்டியல் இன்னும் என்னிடம் இருக்கிறது. பள்ளிக்கூடக் கொப்பியில் கிழித்த ஒற்றைத் தாள். டெனிஷ் மொழியில் ஏழு பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு சரி அடையாளங்கள். முதல் சரி போகும்போது போட்டது, இரண்டாவது திரும்பி வந்தபோது போட்டது.

1986ஆம் ஆண்டு, ஒக்டோபர் மாதம். நாங்கள் டென்மார்க்கின் ஜூட்லாந்தில், பிராண்டேயிலிருந்து காரில் கால் மணித்தியாலம் தள்ளி ஒரு சிறிய ஊரில் இருந்தோம். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் வேலை. அம்மாவின் தமையன், என்னுடைய மாமா, அந்த வருடம் மாசி மாதம் எங்களிடம் வந்து சேர்ந்தார். வன்னிக் காட்டோரத்தில் வளர்ந்தவர். இளவயதில் மரையும் பன்றியும் வேட்டையாடியவர். பிறகு பட்டணத்து ஆஸ்பத்திரி ஒன்றில் உதவியாளராக இருந்தார். வந்து எட்டு மாதமாக அவர் கதைக்கவில்லை. ஓம், இல்லை, போதும், அவ்வளவுதான். அவருடைய பெட்டிக்குள் அவரின் தம்பி, என் சின்னமாமாவின் படம் ஒன்று இருந்தது. சின்னமாமா காய்ச்சலில் செத்துப்போனார் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கிழட்டு டெனிஷ் வேட்டைக்காரர். அவருக்கு ஊருக்கு வெளியே கொஞ்சம் காடு இருந்தது. முதுகு மட்டும் சரியில்லை. அந்தக் காட்டின் நடுவே ட்ராக்டர் போகாத சேற்று நிலம். அங்கே ஒரு கொம்பன் மானைச் சுட்டால், விழுந்த இடத்திலேயே வயிற்றைத் திறந்து, துண்டமாகப் பிரித்துத்தான் தூக்கி வர வேண்டும். அதற்கு ஒரு ஆள் தேடினார். அம்மா என்னைக் கையோடு கூட்டிக்கொண்டுபோய், வேலிக்கு மேலால், "என்ரை அண்ணைக்குத் தெரியும் எண்டு சொல்லு பிள்ளை" என்றார். சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா அப்பாவிடம், "கத்தியைக் கையிலை எடுத்தாலாவது மனுசன் வாய் திறக்கட்டும்" என்றார்.

அடுத்த சனிக்கிழமை வேட்டைக்காரர் தன் கொட்டிலுக்கு எங்களை அழைத்தார். அந்தக் கொட்டிலின் சுவரை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. ஒவ்வொரு ஆயுதமும் தன் ஆணியில் தொங்கியது. அதைச் சுற்றி அதன் வடிவம் கறுப்பு மையால் வரையப்பட்டிருந்தது. எது இல்லையோ அதன் கோடு மட்டும் வெறுமையாகத் தெரியும். உலகம் முழுவதும் இப்படி இருந்தால் எவ்வளவு நல்லது என்று நினைத்தேன்.

அவர் மேசையில் சாமான்களைப் பரப்பினார். மாமா முதலில் மான்கொம்புப் பிடி போட்ட நீளக் கத்தியைத் தள்ளி வைத்தார்.

"நீட்டுக் கத்தி வேண்டாம். வயித்துக்குள்ளை போனா அது தானாக் குடலைத் தேடிப் போகும்."

நான் திடுக்கிட்டு அப்பாவைப் பார்த்தேன். அப்பா அசையாமல் நின்றார். எட்டு மாதத்தில் மாமா சொன்ன மிக நீளமான வசனம் அது.

பிறகு விரலளவான கத்தியை எடுத்து, பெருவிரல் நகத்தில் வைத்து மெல்ல இழுத்துப் பார்த்தார். "இது காணும். முன்னாலை விரல் போகவேணும், பின்னாலை கத்தி வரவேணும்." கோடரியையும் ஒதுக்கினார். "எலும்பு சிதறி இறைச்சிக்குள்ளை போகும். பிறகு பல்லுக்குத்தான் வேலை."

"மச்சான், உமக்கு எத்தினை பல்லு மிச்சம் இருக்கு?" என்று அப்பா துணிந்து கேட்டார். மாமாவின் வாய் ஓரம் அசைந்தது. வேட்டைக்காரர் நான் மொழிபெயர்த்ததைக் கேட்டுத் தலையாட்டினார்.

கடைசியில் ஆறு சாமான் தெரிந்தெடுத்தோம். சின்னக் கத்தி, வயிறு திறக்கிற முனை மழுங்கிய கத்தி, சாணைக்கல், கயிறு, தகரத் தட்டு, வெள்ளைத் துணி. ஏழாவது வேட்டைக்காரர் தானாகச் சேர்த்தது: எலும்பு அறுக்கும், பல்லு வைத்த சிறு வாள். அது அன்று தீட்டக் கொடுத்திருந்ததால் சுவரில் அதன் கோடு மட்டும் இருந்தது. வேட்டைக்காரர் என்னிடம் பட்டியலை எழுதச் சொன்னார். "நீதான் பொறுப்பு. ஒன்று குறைந்தாலும் நாங்கள் போவதில்லை" என்றார். எனக்கு யாரும் அதுவரை பொறுப்பு எதுவும் தந்ததில்லை.

ஒரு கிழமை கழித்து, விடிந்ததும் அவர் மரப்பெட்டியை எங்கள் குசினியில் கொண்டுவந்து வைத்துவிட்டுக் காரை எடுக்கப் போனார். அம்மா பாணும் தேத்தண்ணிப் போத்தலும் கட்டிக்கொண்டிருந்தவர், பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். வாளைக் கண்டதும் அவருடைய முகம் மாறியது. அதை எடுத்துச் சப்பாத்துத் தட்டுக்குப் பின்னால் ஒளித்தார்.

"அம்மா, அது பட்டியலிலை இருக்கு."

"தேவையில்லை. மாமா கத்தியாலையே பொருத்துப் பொருத்தாப் பிரிப்பார்." குரலைத் தாழ்த்தினார்; அடுத்த அறையில் மாமா சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தார். "வாயை மூடிக்கொண்டு போ."

ஏன் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல நேரமும் இல்லை. வெளியே கார் ஹோர்ன் அடித்தது. நான் பட்டியலைப் பார்த்தேன்: ஆறு சரி, ஒரு வெற்றிடம். அம்மா திரும்பியதும் வாளை எடுத்துத் துணிக்குக் கீழே வைத்து, ஏழாவது சரியைப் போட்டேன்.

மத்தியானத்துக்கு முன் மான் விழுந்தது. வேட்டைக்காரர் ஒரு ஊசியிலைக் கொப்பை முறித்து அதன் வாயில் வைத்தார். அது கடைசிச் சாப்பாடாம் என்று நான் சொன்னேன். "நல்ல வழக்கம்" என்றார் மாமா. அவர் முழந்தாளிட்டு வேலையைத் தொடங்கியபோது, அது வேறு மனிதன். இரண்டு விரலைக் கவட்டை போல விரித்து, இடையில் கத்தியை மேல்நோக்கிப் பிடித்து, ஒரு சொட்டும் சிந்தாமல் வயிற்றைத் திறந்தார். ஈரலைத் தட்டில் வைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"இஞ்சை பார் மருமகள். முன்னங்காலுக்கு எலும்புப் பூட்டே இல்லை. சதைதான் பிடிச்சுக்கொண்டிருக்கு." இரண்டு வெட்டு. கால் தனியாக வந்தது. மாமா சிரித்தார். அப்பா அந்தக் காலைத் தோளில் போட்டுக்கொண்டு காருக்கு நடந்தார். அவரும் சிரித்துக்கொண்டுதான் போனார்.

பின்னங்காலுக்கு வந்தபோது வேட்டைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. மழை தொடங்கியிருந்தது. துணியை விலக்கி வாளை எடுத்தார். காலை இறுக்கிப் பிடிக்கும்படி மாமாவுக்குச் சைகை காட்டி, மாமா நிமிர்ந்து பார்க்கும் முன்பே தொடை எலும்பில் வைத்து அறுக்கத் தொடங்கினார்.

மாமா கையை எடுக்கவில்லை. இரண்டு கையாலும் அந்தக் காலைக் கட்டிப் பிடித்தார். கண்ணை மூடினார். வாளின் சத்தத்துக்கு மேலால் அவருடைய குரல் கேட்டது.

"பொறு ராசா, பொறு. முடிஞ்சுது. இன்னும் கொஞ்சம். அண்ணை பிடிச்சிருக்கிறன். முடிஞ்சுது."

"என்ன சொல்கிறார்?" என்று வேட்டைக்காரர் அறுத்தபடியே கேட்டார்.

"பொறுக்கட்டாம், முடியப்போகுதாம்" என்றேன்.

"யா, யா, முடியப்போகிறது" என்று அவர் மாமாவுக்கு அன்பாகச் சொன்னார். வாள் எலும்பைத் தாண்டியது.

மாமா அந்தக் காலை வெள்ளைத் துணியில் மெதுவாகக் கிடத்தினார். துணியின் ஓரங்களை எடுத்து மூடினார். பிறகு கை கழுவாமல், மழைக்குள் காரை நோக்கி நடந்தார். அதன் பின் பதினொரு வருடம் உயிரோடு இருந்தார். ஓம், இல்லை, போதும்.

எனக்கு இருபது வயதில், அவரை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று அம்மா சொன்னார். சின்னமாமாவுக்குக் காய்ச்சல் இல்லை, செல் குண்டு விழுந்து கால் சிதைந்தது. ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து முடிந்திருந்தது. அந்தக் காலை அறுத்தெடுக்கும்போது பிடிப்பதற்கு ஆள் வேண்டியிருந்தது. அன்று வேலையில் நின்றவர் மாமா. தம்பி இரண்டு நாள்தான் இருந்தார். பெட்டிக்குள் வாள் எப்படி வந்தது என்று அம்மா என்னிடம் அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

ஆனால் இதெல்லாம் பிறகு. அந்தப் பின்னேரம் நான் வேட்டைக்காரரின் கொட்டிலில் நின்று, வாளைப் பல்லுப் பல்லாகத் துடைத்து, சுவரில் அதன் கோட்டுக்குள் மாட்டினேன். கோடு எங்கும் வெளியே தெரியவில்லை. ஏழும் போனது, ஏழும் வந்தது. பட்டியலைக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மாமாவின் அறைக் கதவருகே போய் நின்றார். ஒரு சாமான்கூடக் குறையாமல் கொண்டுவந்தும் ஒருவரும் என்னைக் கெட்டிக்காரி என்று சொல்லவில்லையே என்ற கோபத்தில், நான் ஒரு கிழமை அம்மாவோடு கதைக்கவில்லை.