அப்பா சேர்த்துவிட்ட கட்சி

அந்தத் தையல்காரிக்குப் பேச்சு வருவதற்கு முன்பே கோஷம் வந்துவிட்டது. அவளைத் தோளில் வைத்துக்கொண்டே கட்சி ஊர்வலம் போனவர் அவள் அப்பா. அந்தக் கட்சிதான் இப்போது ஆட்சியில். அவள் கடை வாசலிலோ சாக்கடை அடைத்துக்கொண்டு நாறுகிறது. துணி தைக்க வருகிறவர்கள் அடுத்த தெருக் கடைக்குப் போய்விடுகிறார்கள். இந்தத் தடவை ஓட்டை மாற்றிப் போடுவேன் என்று காலையில்தான் புருஷனிடம் சத்தியம் பண்ணியிருந்தாள்.

மத்தியானம் எதிர்க்கட்சிக்காரர்கள் ஓட்டுக் கேட்டு வந்தார்கள். "உங்க ஆளுங்க ஒரு சாக்கடையக்கூட அள்ள மாட்டேங்குறாங்களேக்கா! நாங்க நாளைக்கே ஆள் அனுப்புறோம்" என்றான் ஒருவன்.

அவ்வளவுதான், கத்தரிக்கோலோடு எழுந்துவிட்டாள். "எங்க கட்சியச் சொல்ல நீ யாருடா? உன் ஆளும் வேணாம், ஒண்ணும் வேணாம். நடையக் கட்டு!"

அவர்கள் போனதும் புருஷன் தலையில் அடித்துக்கொண்டான். "காலையில நீ சொன்னதத்தானேடி அவனும் சொன்னான்?"

"நான் சொல்லலாம். அவன் சொன்னா எங்கப்பாவையே திட்டுற மாதிரி இருக்கே!"

"அப்ப ஓட்டு?"

அவளுக்கு அழுகை முட்டியது. "போய்ச் சேர்ந்த எங்கப்பா இந்தக் கட்சியிலருந்து என்னையும் விடுவிச்சிட்டுப் போயிருக்கக் கூடாதா?" என்று மிஷினை ஓங்கி மிதித்தாள். ஊசி முறிந்ததுதான் மிச்சம்.